பம்ப் ரூம் விருந்தாளி

786
ராஜபாளையம்
18-2-1990

என் அக்கா மகள், மருமகள் அசீனாவுக்கு உன் மாமா அல்லாபிச்சை ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் என் புகழும் சௌக்கியம். சென்னையில் நீயும் உன் கம்ப்யூட்டரும் எப்படி?

ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிற மாமா ராஜபாளையத்திலிருந்து எழுதுகிறாரே என்று பார்ப்பாய். சுப்புராஜ் முதலாளியின் பேண்டேஜ் மில்லில் இருக்கிறேன். சாதாரண மில் இல்லை. இந்தியாவில் எவன் கையை வெட்டிக்கொண்டாலும் இங்கே நெய்து வெளுக்கிற துணியைத்தான் சுற்றியாக வேண்டும். அப்பேர்ப்பட்ட முதலாளி என் கடைக்குக் கார் அனுப்பினார். கார் என்றால் மில் வேன். ஆனால் முன் சீட்.

"பாய், துணியெல்லாம் மஞ்சக் கறை விழுகுது. ஆஸ்பத்திரிக்காரன் லாரியோட திருப்பிட்டான். நீரு வந்து பாத்தாத்தான் ஆகும்" என்றார். நான் கிணற்றங்கரையில் நின்று மூக்கால் ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். "மொதலாளி, எண்ணெய்" என்றேன். சுற்றி நின்ற இருநூறு பேரும் கை தட்டினார்கள்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். கிணற்று மேட்டில் மோட்டார், ஆழத்தில் பம்ப், இரண்டையும் இணைக்க நெடுநெடுவென்று ஒரு தண்டு. தண்டு ஆடாமல் சுற்ற வழிநெடுக பித்தளை புஷ். அந்தப் புஷ்களுக்கு மேலேயிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறங்கும். அது தண்ணீரில் கலந்து, வெளுப்புத் தொட்டிக்குப் போய், துணியில் ஏறுகிறது. "பித்தளையைத் தூக்கி எறியுங்க. நான் ரப்பர் புஷ் போடுறேன். அதுக்கு எண்ணெய் எதுக்கு? ஓடுற தண்ணிதான் எண்ணெய்" என்றேன். எம்புட்டு நாள் வரும் என்று கேட்டார். "ஒங்க பேரன் வந்து என் பேரனைக் கேக்கட்டும்" என்றேன். ரப்பரும் லேசுப்பட்டதில்லை. கோயம்புத்தூரில் ஒரு ஜெர்மன்காரன் எனக்கென்றே வார்த்துக் கொடுத்தது.

இப்போது அந்தப் புஷ்களில் சில கொஞ்சம் களைத்துவிட்டன. மேலே இருப்பவை மட்டும். கருகி, பல் விளக்குகிற கரித்தூள் மாதிரி கொட்டுகின்றன. தண்ணீருக்குள் முங்கிக் கிடப்பவை புது மாப்பிள்ளை மாதிரி மினுமினுக்கின்றன. காரணம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமலா? ஆனால் நீ தண்ணீரில் சுற்றுகிற பேரிங்கைப் பற்றித்தானே ஆராய்ச்சி செய்கிறாய், உனக்கும் ஒரு பயிற்சியாக இருக்கட்டுமே என்று கேட்கிறேன். என்ன காரணம்?

முதலாளிக்கு என்னை அனுப்ப மனசே இல்லை. அம்புட்டுப் பிரியம். பம்ப் ரூமிலேயே படுக்கை போட்டுக் கொடுத்திருக்கிறார். வாசலில் எனக்கென்று ஒரு ஆள். கருத்தையா என்று பெயர்.

உன் அத்தா, பெருநாள் கழிந்ததும் படிப்பை நிறுத்தி உன்னைக் கூட்டி வரப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். நீ அசையாதே. உன்னை அங்கே அனுப்ப வைத்தவன் யார்? காலேஜ் சுவரும் பள்ளிவாசல் சுவரும் ஒரே சுவர் என்று மச்சானிடம் சொன்னவன் யார்? நான் எதிரே உட்கார்ந்து செத்த நேரம் பேசினால் அவர் உருகிவிடுவார். இந்த வேலை முடிந்ததும் நேராக அவருடைய கயிற்றுக் கடைக்குத்தான்.

உன் மாமா
அல்லாபிச்சை

*

சென்னை
26-2-1990

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை சிரிப்பதற்கு, இன்னொரு தடவை அதில் உண்மை எங்கே இருக்கிறது என்று பொறுக்குவதற்கு. போன வருஷம் அந்த ஜெர்மன்காரன் ஜப்பான்காரனாக இருந்தான் என்று ஞாபகம்.

மேலே உள்ள புஷ்கள் மட்டும் கருகின என்பதை நம்புகிறேன். அது நீங்கள் ஜோடிக்கக்கூடிய விஷயமில்லை.

எண்ணெய் கனமானது. தண்டு மெதுவாகச் சுற்றினாலும் இடையில் புகுந்து தண்டைத் தாங்கிக்கொள்ளும். தண்ணீர் அப்படியில்லை, மெலிசு. தண்டு வேகம் பிடித்த பிறகுதான் தண்ணீர் அதற்கும் ரப்பருக்கும் நடுவே ஆப்பு மாதிரி நுழைந்து, தலைமுடியை விட மெல்லிய ஒரு படலமாகத் தூக்கிப் பிடிக்கும். அதுவரை ரப்பரும் இரும்பும் ஒன்றையொன்று உரசிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் கிணற்றில் மேல் புஷ்கள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தொங்குகின்றன. மோட்டாரைப் போட்டு, தண்ணீர் ஏறி அவற்றைத் தொடும்வரை அவை காய்ந்த ரப்பர்தான். காய்ந்த ரப்பர் கருகும்.

அதனால் பம்புக்கு மேலே ஒரு சின்னத் தொட்டி வையுங்கள். ஒவ்வொரு தடவையும் மோட்டார் போடுவதற்கு முன்னால் தொட்டித் தண்ணீரைத் தண்டு வழியாக இறக்கி எல்லாப் புஷ்ஷையும் நனைத்துவிட்டுப் பிறகு சுவிட்சைத் தொடுங்கள். மேல் புஷ்களை மாற்றிவிடுங்கள்.

நான் உட்கார்ந்திருக்கிற ஆராய்ச்சியும் இதுதான். முழுக்க உரசுவதற்குக் கணக்கு இருக்கிறது. முழுக்க மிதப்பதற்கும் இருக்கிறது. பாதி ஒட்டிக்கொண்டும் பாதி மிதந்துகொண்டும் இருக்கிற நடு நிலைமைக்குத்தான் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.

நூர்பானு மாமி எழுதியிருந்தார்கள். நீங்கள் தை மாசம் போனவர், ஒரு தடவைகூட வீட்டுக்கு வரவில்லையாமே. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே கடலா இருக்கிறது?

அசீனா

*

786
ராஜபாளையம்
9-3-1990

மருமகளே,

தொட்டி விஷயம் நானும் மனசில் வைத்திருந்ததுதான். உன் கடிதம் ஒரு நாள் முந்திக்கொண்டது. பரவாயில்லை, நீயே சொன்னதாக இருக்கட்டும்.

பழைய தகர டிரம் ஒன்றைச் சுத்தம் செய்து தலை உயரத்தில் ஸ்டாண்டு அடித்து உட்கார வைத்தேன். கீழே ஒரு வால்வு. அதிலிருந்து ரப்பர் ட்யூப் தண்டுக்கு இறங்குகிறது. பகலில் பம்ப் ஓடும்போதே தொட்டி தானாக நிரம்பிவிடும். சாயங்காலம் பம்பை நிறுத்துவோம். காலை ஷிப்டுக்குக் கருத்தையா வந்து வால்வைத் திறந்துவிட்டு ஒரு பீடி பிடிப்பார். பீடி முடிந்ததும் மோட்டார். அந்தத் தொட்டியைப் பார்க்க மதுரையிலிருந்தே ஆட்கள் வந்தார்கள்.

ஓடியது பார், தேர் மாதிரி! முதலாளி என் தோளில் கை போட்டார். அந்த வாரம் வெளுத்த துணியைக் கண் கூசிப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் ஒரு காலையில் மோட்டார் போட்டதும் கீச்சென்று ஒரு சத்தம். ரப்பர் வாடை. மேல் புஷ் மறுபடியும் கரி. முதலாளி தெலுங்கில் சில வார்த்தைகள் சொன்னார். எனக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு, ஆனால் உனக்கு எழுதுவது முறையில்லை. கடைசியில் தமிழில், "பாய், அந்தப் புஷ் நிக்கிற வரைக்கும் நீரும் இங்கனதான் நிக்கணும்" என்றார். எவ்வளவு நம்பிக்கை பார் என் மேல்.

மரியாதையைக் கேட்டால் அசந்துபோவாய். நான் கக்கூசுக்குப் போனாலும் கருத்தையா கூடவே வந்து வெளியே நிற்கிறார். கலெக்டருக்குக்கூட இது கிடையாது. அந்தக் கீச்சுச் சத்தத்துக்கு முந்தின ராத்திரியிலிருந்து, சாயங்காலமானால் பம்ப் ரூம் கதவை வெளிப்பக்கம் பூட்டுகிறார்கள், என் தூக்கத்தை யாரும் கெடுத்துவிடக் கூடாதே என்று. வேனில் ஏற்றிக்கொண்டு வந்த என் சைக்கிளை முதலாளியே தன் கார் ஷெட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார். தபால் பெட்டிவரைகூட என்னை நடக்க விடுவதில்லை, கருத்தையாவே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறார்.

இப்படி ஒரு நிம்மதி கிடைத்ததில் ஒரு லாபம். என் ஆயுசில் ஐந்து வேளைத் தொழுகையும் தவறாமல் நடக்கிறது. உன் மாமி நம்ப மாட்டாள், நீ எழுது.

புஷ் ஏன் மறுபடி கருகியது? மணல் என்று நான் நினைக்கிறேன். கிணற்று மணல், பிளவக்கல் மலையிலிருந்து ஊற்று வழியாக வருகிற வைர மணல். உன் கம்ப்யூட்டரில் மணலைப் போட்டுப் பார்.

மாமா

*

சென்னை
17-3-1990

மாமா,

உங்களைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், அப்படித்தானே?

இல்லை என்று நீங்கள் எழுதப்போகும் பதிலை நானே இங்கிருந்து எழுதிவிடுவேன். அதனால் கணக்குக்கு வருகிறேன்.

வைர மணலைப் போட்டுப் பார்த்தேன். தேய்மானம் கூடுகிறது, ஆனால் எல்லாப் புஷ்ஷிலும் கூடுகிறது. மேலே மட்டும் ஒரே காலையில் கருகவில்லை. தண்டு லேசாக வளைந்திருப்பதாக வைத்துப் பார்த்தேன். பாரத்தை இரட்டிப்பாக்கினேன். ரப்பரைக் கெட்டியாக்கினேன். எங்களுக்குக் கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம்தான் தருவார்கள், வெளியே அடுத்த ஆள் நின்றுகொண்டே இருப்பான். மூன்று நாள் என் முறை முழுவதும் உங்கள் கிணற்றுக்கே போயிற்று. எதைச் செய்தாலும் புஷ் சூடாகிறதே தவிர கருகவில்லை.

கடைசியில் எரிச்சலில், கணக்கிலிருந்து தண்ணீரையே எடுத்துவிட்டேன். உடனே கருகியது. மேலே மட்டும். நீங்கள் எழுதியபடியே.

ஆக, காலையில் கருத்தையா வால்வைத் திறக்கிறபோது தொட்டியில் தண்ணீர் இல்லை. அவர் பீடிதான் பிடிக்கிறார், தண்ணீர் இறங்கவில்லை. சாயங்காலம் நிரம்பிய தொட்டி காலைக்குள் எங்கே போகிறது? ஓட்டையா, வால்வு ஒழுகுகிறதா, யாராவது எடுக்கிறார்களா? தயவுசெய்து கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ஜெர்மனி, மதுரை எதுவும் வேண்டாம்.

அத்தாவிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. பெருநாளுக்கு மறுநாள் கொல்லம் மெயிலில் ஏறுகிறாராம், பெட்டியைக் கட்டித் தயாராக இருக்கச் சொல்கிறார். என் கைடு, சோதனை மேடை கட்டி இந்தக் கணக்கைச் சரிபார்க்க இன்னும் ஒரு வருஷம் வேண்டும் என்கிறார். அம்மாவால் அத்தாவிடம் வாய் திறக்க முடியாது. அத்தா முன்னால் உட்கார்ந்து பேசக்கூடிய ஒரே ஆள் நீங்கள், நீங்களோ பம்ப் ரூமில். என் கட்டிலுக்கடியில் பெட்டி இருக்கிறது. அதைத் திறக்கவும் கை வரவில்லை, கட்டவும் கை வரவில்லை.

அந்தக் கதவு பெருநாளுக்குள் திறக்க வேண்டும், மாமா.

அசீனா

*

786
ராஜபாளையம்
2-4-1990

மருமகளே,

என்னைப் பூட்டுகிற பூட்டை இனிமேல்தான் திண்டுக்கல்லில் செய்ய வேண்டும். யாரைப் பார்த்து என்ன கேட்டாய்? எனக்கு இருக்கப் பிடித்திருக்கிறது, இருக்கிறேன்.

நோன்பு வந்துவிட்டது. புது புஷ் போட்டு ஓட்டினோம், ஐந்தாம் நாளே கரி. இந்த முறை முதலாளி கருகின புஷ்ஷைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, என்னையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் திட்டினாலாவது பேச்சுத் துணையாக இருந்திருக்கும்.

நீ கேட்டபடி தொட்டியை ஆராய்ந்தேன். சாயங்காலம் கழுத்துவரை தண்ணீர், கருத்தையா சாட்சி. காலையில் தட்டிப் பார்த்தால் டங்கென்று சத்தம், காலி. ஓட்டை இல்லை. வால்வு ஒழுகவில்லை, கீழே காகிதம் விரித்துப் பார்த்தேன். கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே நான் ஒருத்தன். நான் கண் அசந்தாலும் காது அசராதவன். ஒரு பூனை நுழையவில்லை. கருத்தையா, "பாய், இது ஏதோ காத்து கருப்பு வேலை. எங்க வீரணனுக்கு ஒரு சேவல் நேந்துக்கிடுவமா?" என்றார். எனக்கு ஜின் என்றே தோன்றுகிறது. பாங்கு சொல்கிற நேரத்தில் தாகம் எடுக்கிற ஜின்கள் உண்டு. கூமாப்பட்டியில் ஒரு கிணற்றையே ஒன்று குடித்துத் தீர்த்ததை நான் கண்ணால் பார்த்தவன்.

ஜின்னை விரட்டத் தொழுகை, இபாதத் எல்லாவற்றையும் கூட்டிவிட்டேன். முதலாளி வீட்டிலிருந்து விடியுமுன் சஹருக்கு இட்லி வருகிறது, நோன்பு திறக்கக் கஞ்சி வருகிறது. அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். நோன்பு ராத்திரியின் தராவீஹ் தனியாகத் தொழுகிறேன். பின்னிரவில் தஹஜ்ஜத் தொழுகையும் விடுவதில்லை. ஒவ்வொரு தொழுகைக்கும் புது ஒளு. வெளிக் குழாய் பூட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, ஆனால் எனக்கு என்ன குறை? தலைக்கு மேலேயே சில்லென்று தண்ணீர், ட்யூபை இழுத்து வால்வைத் திறந்தால் அருவி. முகம், முழங்கைவரை கை, தலை, கணுக்கால்வரை கால் எல்லாம் மூன்று மூன்று தடவை, நிதானமாக. புழுக்கமாக இருந்தால் அப்படியே மேலுக்கும் ஊற்றிக்கொள்வேன். மக்காவில் இருக்கிறவனுக்குக்கூட இப்படி ஒரு வசதி கிடையாது.

ஜின்னுக்கு உன் கம்ப்யூட்டரில் ஏதாவது கணக்கு உண்டா?

மாமா

*

சென்னை
9-4-1990

மாமா,

ஜின்னைக் கண்டுபிடித்துவிட்டேன். அதற்கு முழங்கைவரை கையும் கணுக்கால்வரை காலும் இருக்கின்றன. எல்லாவற்றையும் மூன்று மூன்று தடவை கழுவுகிறது. புழுக்கமாக இருந்தால் மேலுக்கும் ஊற்றிக்கொள்கிறது.

உங்கள் தலைக்கு மேலே இருப்பது புஷ்ஷுக்கான தண்ணீர், மாமா. கதவைப் பூட்டுவதால் நீங்கள் அதில் ஒளு செய்கிறீர்கள். ஒளு செய்வதால் புஷ் கருகுகிறது. புஷ் கருகுவதால் கதவைப் பூட்டுகிறார்கள்.

கருத்தையாவிடம் சொல்லி ஒரு பானைத் தண்ணீர் உள்ளே வைக்கச் சொல்லுங்கள். ட்யூபைத் தொடாதீர்கள். விடுதியில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பக்கத்துக் கட்டில் பெண் பயந்துவிட்டாள். பிறகு அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை. சீக்கிரம் வெளியே வாருங்கள்.

அசீனா

*

786
ராஜபாளையம்
16-4-1990

மருமகளே,

உன் கடிதம் வந்த அன்று காலையிலேயே எனக்கும் ஒரு சந்தேகம் தட்டியது. நீ எழுதியிராவிட்டாலும் மத்தியானத்துக்குள் பிடித்திருப்பேன்.

பானை வந்தது. புது புஷ் ஏறியது. ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. மோட்டார் மேல் கை வைத்தால் தூங்குகிற பூனை மாதிரி உறுமல், அவ்வளவுதான். துணி மல்லிகைப்பூ. ஆஸ்பத்திரிக்காரன் லாரியோடு வந்து நிற்கிறான்.

முதலாளி வந்து, "பாய், என்னய்யா செஞ்சீரு? மூணு தடவை கருகினது இப்ப எப்படி நிக்குது?" என்று கேட்டார்.

மருமகளே, நீயே சொல். ஒரு மெக்கானிக் தன் முதலாளியைப் பார்த்து, நான் உங்கள் பம்ப் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வான்? வாயைத் திறந்தேன். வேறு ஒன்று வந்துவிட்டது. "மொதலாளி, தண்ணியைச் சும்மா தொறந்துவிட்டாப் பத்தாது. எப்ப விடணும், எம்புட்டு விடணும், எந்த வேகத்துல விடணும்னு ஒரு பக்குவம் இருக்கு. அது இந்தக் கைக்கு மட்டும்தான் தெரியும்" என்றேன்.

அவர் என் கையையே பார்த்தார். பிறகு, "அப்ப நீரு இங்கனயே இரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே இரும்புக் கட்டில் ஒன்று வந்தது. அடுத்த நாள் ஒரு டேபிள் ஃபேன். மாசச் சம்பளம், மில் வேட்டி, பெருநாளுக்குப் பிரியாணி அரிசி எல்லாம் பேசிவிட்டார். இப்போது கருத்தையா வால்வுப் பக்கமே வருவதில்லை. நான்தான் திறக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை அசைத்துக்கொண்டு. ஷிப்டுக்கு வருகிறவர்கள் ஜன்னலில் நின்று பார்க்கிறார்கள். கதவை இப்போதும் பூட்டுகிறார்கள். முன்பு நான் ஓடிவிடுவேன் என்று, இப்போது வேறு மில்காரன் என்னைக் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று.

பெருமையான உத்தியோகம்தான். வெண்டிலேட்டர் வழியாகச் சஞ்சீவி மலையில் ஒரு துண்டு தெரிகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ரோட்டில் ஆரன் அடித்துக்கொண்டு போவது கேட்கும். எந்த பஸ் எந்த டிரைவர் என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். உன் மாமி ஒரு தூக்குச்சட்டியில் ரசம் கொடுத்துவிட்டிருந்தாள். கேட் வரைதான் அவளை விட்டார்களாம். ரசம் ஆறியிருந்தது.

பெருநாளுக்கு வர முடியுமா என்று தெரியவில்லை. நான் ஒரு நாள் இல்லாவிட்டாலும் பம்ப் என்னாகும் என்று முதலாளி பயப்படுகிறார். உன் அத்தாவுக்கு வேண்டுமானால் ஒரு கடிதம் எழுதிப் போடட்டுமா?

மாமா

*

சென்னை
20-4-1990

மாமா,

அத்தா உங்கள் கடிதத்தை எப்போதாவது முழுதாகப் படித்ததுண்டா? "உன் மாமன் எழுதினதுல தேதி மட்டும் நெசம்" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவார். நேரில் வந்து உட்காருங்கள், அதுவும் அவர் ரயிலேறுவதற்கு முன்னால்.

முதலில் உங்களை வைத்துப் பூட்டியது சுப்புராஜ் முதலாளி. இப்போது பூட்டியிருப்பது நீங்கள், உள்பக்கமிருந்து. அதற்கு என்னிடம் சமன்பாடு கிடையாது.

வால்வைத் திறக்க எந்தக் கையும் போதும். கருத்தையாவின் கை போதும், அவர் பீடி போதும். இதை நானே முதலாளிக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதிக் கிழித்துவிட்டேன். ராஜபாளையம் முழுக்க உங்களைப் பார்த்துச் சிரித்தால் என்னால் தாங்க முடியாது. நீங்களே சொல்லிவிட்டால் அது வேறு.

சொல்லுங்கள், மாமா. ஒளு செய்தேன் என்று சொல்லுங்கள். அதில் என்ன கேவலம்? உங்களை யாரும் தண்ணீர் இல்லாத அறையில் பூட்டியிருக்கக் கூடாது, கேவலம் அதில் இருக்கிறது.

பெட்டியைக் கட்டிவிட்டேன். நீங்கள் வந்தால் அவிழ்ப்பேன்.

அசீனா

*

786
மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
28-4-1990

என் மருமகள் அசீனாவுக்கு,

விலாசத்தைப் பார். வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்து இரண்டு நாள் அதைத் தலைகாணிக்கடியில் வைத்துப் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை முதலாளி ரவுண்டு வந்தார். "மொதலாளி, ஒரு விஷயம்" என்றேன். வாய் பழக்கத்தில் ஜெர்மனிக்குக் கிளம்பியது, இழுத்துப் பிடித்தேன். "நீங்க கதவைப் பூட்டுனீக. உள்ள எனக்குத் தண்ணி இல்ல. தொட்டித் தண்ணியில ஒளு செஞ்சேன், குளிச்சேன். காலையில தொட்டி காலி. அதான் புஷ் கருகுச்சு. இப்பப் பானை இருக்கு, அதான் நிக்குது. என் கையில ஒண்ணும் கிடையாது" என்றேன்.

"கருத்தையா, நீ போயி அந்த வால்வைத் தொற" என்றார். கருத்தையா திறந்தார், பீடியைப் பற்ற வைத்தார், முடித்தார், சுவிட்சைப் போட்டார். பம்ப் ஓடியது. அந்த நன்றிகெட்ட பம்ப், என் கைக்கு எப்படி ஓடியதோ அதே மாதிரி ஓடியது.

"ஓரி தேவுடா, இம்புட்டுத்தானா?" என்றார் முதலாளி. கொஞ்ச நேரம் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு கொடம் தண்ணிகூட வைக்காமப் பூட்டியிருக்கமே, எந்த மடையனும் அதை யோசிக்கலையே" என்றார் கருத்தையாவிடம். கருத்தையா, அந்த மடையன் தானில்லை என்கிற மாதிரி மோட்டுவளையைப் பார்த்தார். பிறகு முதலாளி என் பக்கம் திரும்பி, "பாய், நீரு போயிரும். நான் சிரிக்கிறதுக்குள்ள போயிரும்" என்றார். நான் கேட்டைத் தாண்டி டீக்கடைவரை போனபிறகும் அவர் சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது. சைக்கிள் டயரில் காற்றில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்வரை உருட்டிக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் ஏறியிருக்கலாம், ஆனால் மறுபடியும் ஒரு கதவுக்குள் ஏற மனசு வரவில்லை.

பெருநாள் தொழுகை முடிந்து நேராக உன் அத்தா வீட்டுக்குப் போனேன். டிக்கெட் சட்டைப்பையில் இருந்தது, வெளியே தெரிந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க மாப்ளே. மில்லையே வெலைக்கு வாங்கிட்டதா ஊர்ல பேச்சு" என்றார்.

"பூட்டி வச்சிருந்தாக, மச்சான்" என்றேன்.

"ஒங்களையா?" என்றார்.

"ஆமா. அசீனாதான் தொறந்துவிட்டா."

அவர் உன் அம்மாவைக் கூப்பிட்டார். "ஏ சம்சாத், ஒன் தம்பி புதுக் கதை கொண்டாந்திருக்காரு. இவரைப் பூட்டி வச்சாகளாம். மெட்ராஸ்ல இருந்துக்கிட்டு ஒன் மக தொறந்தாளாம். வந்து கேளு."

அன்று நான் சொன்னது, உன் கைடு கேட்கிற ஒரு வருஷம் உட்பட, அத்தனையும் நிஜம். ஒரு சொல் கூட்டவில்லை. அவர் சிரித்துக்கொண்டே கேட்டார், ஒன்றையும் நம்பவில்லை. என் ஆயுசில் முதல்முறையாக உண்மையைச் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டு முழித்தேன், மருமகளே. அது பம்ப் ரூமைவிடச் சின்ன அறை.

கடைசியில், பிரியாணிக்கு நடுவே, அவர் கேட்டார். "சரி, மாப்ளே. முப்பது வருசமா மோட்டாரோட கெடக்கீரு. கருகினதுக்குக் காரணம் ஒமக்குத் தெரியாதாக்கும்?"

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கினேன்.

"எனக்குத் தெரியல, மச்சான்" என்றேன். "மொத தடவையும் தெரியல, மூணாந் தடவையும் தெரியல. ஜின்னுன்னு நெனச்சேன். அவளுக்குத்தான் தெரிஞ்சது. கெணத்தைப் பாக்காமலே தெரிஞ்சது."

உன் அத்தாவின் சிரிப்பு நின்றுவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டார். உன் அம்மா கதவு நிலையில் வந்து நின்றாள்.

"எனக்கு நெக்கா ஆன நாள்லருந்து ஒம்ம பாத்துக்கிட்டிருக்கேன். ஒம்ம வாயிலருந்து 'தெரியல'ன்னு நான் கேட்டதே இல்ல" என்றார். பிரியாணி ஆறியது. பிறகு எழுந்து கை கழுவப் போனார். அங்கிருந்தே, முதுகைக் காட்டிக்கொண்டு, "அந்த ஒரு வருசம் எப்ப முடியும்?" என்று கேட்டார்.

"அடுத்த பெருநாளுக்குள்ள" என்றேன். அது எனக்குத் தெரியாது, சும்மா சொன்னேன். நீதான் அதை நிஜமாக்க வேண்டும்.

டிக்கெட்டை இன்று காலையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெட்டியை அவிழ்த்துவிடு.

ஒன்றே ஒன்று. நான் 'தெரியல' என்று சொன்னது நமக்குள்ளேயே இருக்கட்டும். மடவார் வளாகம் டீக்கடையில் நான் வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன்.

உன் மாமா
அல்லாபிச்சை